இரண்டு எல்பார் பேசிக்கொள்ளாத ராத்திரி: எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அடுப்படி மேசைதான் என் ஆபீஸ். நான் வேலை செய்கிற மெயின்ஃபிரேம் மெஷின் இருப்பது சைபர்ஜெயாவில். வார நாட்களில் அதைத் தொட யாரும் விடமாட்டார்கள். வெள்ளி ராத்திரி 10 மணியிலிருந்து சனி விடியற்காலை 4 மணி வரை ஆறு மணி நேரம் கொடுப்பார்கள். அதற்குள் அந்த மெஷினின் ஒரு பங்கான புது எல்பாரில் லினக்ஸ் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த வெள்ளி.

அம்மா இந்த ஊர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்து, நாங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கம் மட்டும் அவருக்கு மாறவில்லை. நடு ராத்திரியில் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார். "நெட்வொர்க் இல்ல, நெட்வொர்க் இல்ல" என்று நான் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு, "உன் ஃபோன்லதான் நாலு கோடு காட்டுதேடா" என்பார். சிரிப்பாக இருக்கும். ஆனால் நான் செய்கிற தப்பும் அதேதான். ஏதோ ஒரு வழி திறந்திருப்பதைப் பார்த்து, எனக்கு வேண்டிய வழியும் திறந்திருக்கிறது என்று நம்பிவிடுவது.

ஒரே மெயின்ஃபிரேம் பெட்டியை வன்பொருள் மட்டத்திலேயே பல தனி மெஷின்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு எல்பார். நான் இங்கே எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமான அமைப்பு: ஒரு எல்பாரில், லினக்ஸ் ஃபைல்களைக் கொடுக்கிற இன்ஸ்டால் சர்வர் ஓடுகிறது, அதே பெட்டியின் இன்னொரு எல்பாரில் புது லினக்ஸ் ஏற வேண்டும், நடுவில் இசட்விஎம் என்கிற மெய்நிகர் மெஷின் அடுக்கு கிடையாது. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் இன்ஸ்டாலிலேயே நான் விழுந்த குழியிலிருந்து தொடங்குகிறேன். எச்எம்சி என்கிற மேலாண்மைக் கன்சோலில், சர்வரிலிருந்து லோட் செய்கிற வேலையைத் திறந்து, எஃப்டிபி சர்வரின் முகவரியைக் கொடுப்போம். ரெட் ஹாட் என்றால் ஜெனரிக்.ஐஎன்எஸ், சூசே என்றால் சூசே.ஐஎன்எஸ், உபுண்டு என்றால் உபுண்டு.ஐஎன்எஸ். அந்தச் சின்ன ஃபைலில் கர்னல், ஆரம்ப ராம்டிஸ்க், கர்னலுக்கான அமைப்பு வரிகள் உள்ள பார்ம் ஃபைல் மூன்றையும் மெமரியில் எங்கே வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். லோட் முடிந்தது, கர்னல் எழுந்தது, திரையில் வரிகள் ஓடின. அப்புறம் இன்ஸ்டாலர் "ரெப்போ கிடைக்கவில்லை" என்று, அதாவது பேக்கேஜ் கிடங்கு எட்டவில்லை என்று நின்றுவிட்டது.

அதே சர்வர், அதே முகவரி. இப்போதுதானே அங்கிருந்து கர்னல் வந்தது? "எஃப்டிபி ஓடுது, எச்டிடிபி ஓடல, ஃபயர்வால்தான்" என்று நெட்வொர்க் ஆட்களை ஒரு மணி நாற்பது நிமிஷம் வாட்டி எடுத்தேன். அவர்கள் பக்கம் ஒன்றுமே இல்லை. கர்னலைக் கொண்டுவந்தது எச்எம்சி. தன்னுடைய மேலாண்மை நெட்வொர்க் வழியாக எடுத்து, எல்பாரின் மெமரியில் நேராக வைத்தது. எல்பாரின் சொந்த நெட்வொர்க் அதுவரை கண்ணே திறக்கவில்லை. ஆகவே லோட் முடிந்தது என்றால் எச்எம்சிக்கும் சர்வருக்கும் வழி இருக்கிறது, அவ்வளவுதான். எல்பாருக்கு வழி இருக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

பார்க்கிற இடம் எச்எம்சியின் ஆபரேட்டிங் சிஸ்டம் மெசேஜஸ் திரை. அது வரி வரியாகத்தான் பேசும். கன்ட்ரோல் சி அங்கே வேலை செய்யாது. மேல்கூரைக் குறியும் (^) சி எழுத்தும் தட்டி என்டர் அடிக்க வேண்டும். இது தெரியாமல் ஒருமுறை பிங்கை விட்டுவிட்டு, நிறுத்த முடியாமல் திரை முழுக்க ஓடவிட்டேன். பிங் கொடுக்கும்போது மூன்று முறை என்று எண்ணிக்கையும் சேர்த்தே கொடுங்கள். முழுத்திரை எடிட்டர் எதுவும் அங்கே ஆகாது. ஒருங்கிணைந்த ஆஸ்கி கன்சோல் கிடைத்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

சரி, பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடுவதற்கு வருவோம். தோட்டத்தில் விடியற்காலை இருட்டிலேயே பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவார். குரல் கொடுக்காதவருக்கு அன்றைக்கு நிரை (சீவ வேண்டிய மர வரிசை) கிடையாது. இங்கே பேர் கூப்பிடுகிற கட்டளை எல்எஸ்சிஎஸ்எஸ். எல்பாருக்குத் தெரிகிற சாதனங்களை எல்லாம் வரிசையாகக் காட்டும். வெளி நெட்வொர்க்குக்கான ஓசா கார்டு 1732/01 என்று குரல் கொடுக்கும், எல்பார்களுக்கு இடையிலான உள் நெட்வொர்க்கான ஹைப்பர்சாக்கெட்ஸ் 1732/05 என்று கொடுக்கும். உங்கள் சாதன எண் வரிசையிலேயே இல்லை என்றால் ஐபி, கேட்வே, டிஎன்எஸ் எதையும் தொடாதீர்கள். ஆளே வராதபோது வாளியை எண்ணி என்ன பிரயோஜனம்?

குரல் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது சிஐஓ இக்னோர், சாதனங்களைப் புறக்கணிக்கச் சொல்லும் பட்டியல். இன்ஸ்டாலரின் பார்ம் ஃபைலிலேயே "கன்சோலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுகொள்ளாதே" என்று எழுதியிருப்பதுண்டு. பெரிய பெட்டியில் ஆயிரக்கணக்கான சாதனங்கள் தெரியும். எல்லாவற்றையும் எழுப்பினால் நேரமும் மெமரியும் வீண். பார்ம் ஃபைலில் நெட்வொர்க் வரி சரியாக இருந்தால் அந்த எண்கள் தானாக விடுவிக்கப்படும். வரியில் ஓர் எழுத்து பிசகினால் விடுவிக்கப்படாது. சிஐஓ இக்னோர் கட்டளையிலேயே அந்த எண்ணைப் புறக்கணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு மறுபடி பேர் கூப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் ஐஓசிடிஎஸ். எந்தச் சேனல் (சாதனங்களுக்குப் போகும் பாதை) எந்த எல்பாருக்கு என்று வன்பொருளுக்குச் சொல்கிற பட்டியல் அது. புது எல்பாரின் பெயரை அந்தச் சேனலின் அணுகல் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தால் லினக்ஸிலிருந்து தலைகீழாக நின்றாலும் ஒன்றும் வராது. அதைத் திருத்துகிறவர் வேறு ஆள், வேறு அனுமதி. அதனால்தான் வெள்ளி ராத்திரிக்கு முன்னால் புதன்கிழமையே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்கிறேன்.

பார்ம் ஃபைலின் நெட்வொர்க் வரியில் மூன்று சாதன எண்கள் வேண்டும்: படிக்க ஒன்று, எழுத ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று. உதாரணமாக 0.0.0600, 0.0.0601, 0.0.0602. எழுதுகிற எண் படிக்கிற எண்ணுக்கு அடுத்ததாக இருக்க வேண்டும். இரட்டைப்படையில் தொடங்குவதே வழக்கம். மூன்றும் ஒரே சேனலைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். நெட்வொர்க் வரியில் காற்புள்ளி, ஐபி வரியில் முக்காற்புள்ளி. தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் மாற்றிப் போடாதவர் இந்த வேலையில் யாரும் இல்லை. ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டவும் கூடாது.

சாதனம் தெரிந்து, மூன்று எண்களும் குழுவாகச் சேர்ந்து, ஆன்லைன் ஆகிவிட்டதா? அப்போது எல்எஸ்கியூஎத் கட்டளை நிலையைச் சொல்லும். "அப், லான் ஆன்லைன்" என்று வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். "லான் ஆஃப்லைன்" என்றால் கார்டு நன்றாக இருக்கிறது, கேபிள் பக்கம் உயிரில்லை. ஓசாவில் இது வந்தால் சுவிட்சைத் திட்டுவதற்கு முன்னால் போர்ட் எண்ணைப் பாருங்கள். ஜிகாபிட் ஓசா கார்டுகளில் ஒரே சேனலுக்கு 0, 1 என்று இரண்டு போர்ட் இருப்பதுண்டு. எதுவும் சொல்லாவிட்டால் லினக்ஸ் 0 என்று எடுத்துக்கொள்ளும், கேபிள் 1-இல் செருகியிருக்கும். நெட்வொர்க் வரியில் போர்ட்னோ சமம் 1 என்று சேர்த்தால் தீர்ந்தது.

இனி ஹைப்பர்சாக்கெட்ஸ். என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டில் சீனி வாங்க ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியதில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவருக்கு மேலே டம்ளரை நீட்டினால் போதும். ஹைப்பர்சாக்கெட்ஸ் அந்த டம்ளர்தான். கார்டு இல்லை, கேபிள் இல்லை, சுவிட்ச் இல்லை. ஓர் எல்பாரின் மெமரியிலிருந்து இன்னொன்றின் மெமரிக்கு நேராக நகல் ஆகிறது. ஒரே பெட்டிக்குள் மட்டும்தான். ஆனால் டம்ளர் நீட்ட இரண்டு வீடும் ஒரே லயத்தில் இருக்க வேண்டுமே? அந்த லயத்தின் பெயர் சிப்பிட், ஐக்யூடி வகைச் சேனலின் எண். ஒவ்வொரு ஐக்யூடி சிப்பிட்டும் தனி லான். ஒன்றில் இருப்பவருக்கு மற்றொன்றில் இருப்பவர் தெரியவே மாட்டார்.

என் கதை: இன்ஸ்டால் சர்வரில் சாதன எண் 7000. புது எல்பாரிலும் 7000. இரண்டிலும் "அப், லான் ஆன்லைன்". ஐபி ஒரே சப்நெட். பிங் மட்டும் போகவில்லை. இரண்டு மணி நேரம் ஐபியை மாற்றினேன், மாஸ்க்கை மாற்றினேன், சர்வரின் ஃபயர்வாலை அணைத்துக்கூடப் பார்த்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் எல்எஸ்சிஎஸ்எஸ் ஓட்டி, வரியின் கடைசியில் இருக்கும் சிப்பிட் பத்தியைப் படித்தேன். ஒன்றில் எஃப்4, மற்றதில் எஃப்5. சாதன எண் என்பது வீட்டுக் கதவில் எழுதிய நம்பர் மாதிரி. எந்த லயத்திலும் ஏழாம் நம்பர் வீடு இருக்கலாம். வெவ்வேறு எல்பார்களுக்கு ஒரே சாதன எண்ணை வெவ்வேறு சேனலின் கீழ் கொடுப்பதில் வன்பொருளுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

அங்கே "லான் ஆன்லைன்" என்று காட்டியதும் பொய் இல்லை. ஹைப்பர்சாக்கெட்ஸில் கேபிளே கிடையாதே, எது ஆஃப்லைன் ஆவது? லயத்தில் தனியாகக் குடியிருந்தாலும் சுவர் இருக்கத்தான் செய்யும். ஆகவே இங்கே அந்த வார்த்தைக்கு ஓசாவில் இருக்கிற மதிப்பு இல்லை.

சிப்பிட் எண் ஒன்றாக இருந்தும் பேசாத கேஸும் உண்டு. பெரிய பெட்டிகளில் சேனல் சப்சிஸ்டம் என்கிற சேனல் தொகுதிகள் பல இருக்கும். ஓர் எல்பார் ஒன்றில், இன்னோர் எல்பார் வேறொன்றில் இருக்கலாம். அந்தச் சிப்பிட்டை ஸ்பேன்ட் (பல தொகுதிகளுக்கும் பொது) என்று அறிவித்திருந்தால்தான் இரண்டுக்கும் அது ஒரே லான். இல்லாவிட்டால் ஒரே எண் கொண்ட இரண்டு தனி லான்கள். லினக்ஸ் பக்கமிருந்து இதைக் கண்டுபிடிக்க முயன்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். புதன்கிழமை வாங்கிவைத்த அந்த ஐஓசிடிஎஸ் பட்டியலை எடுங்கள்.

சிப்பிட்டும் சரி, இன்னும் மௌனம் என்றால் லேயரைப் பாருங்கள். லேயர் 3 என்றால் கார்டிடம் ஐபி முகவரியைப் பதிவு செய்து, அதை வைத்துப் பட்டுவாடா நடக்கும். லேயர் 2 என்றால் மேக் முகவரியை வைத்து, சாதாரண ஈதர்நெட் மாதிரி. ஹைப்பர்சாக்கெட்ஸுக்கு லேயர் 2 வந்ததே 2008-இல் இசட்10 மெஷினோடுதான். அதனால் பழைய அமைப்புகள் பலவும் இன்னும் லேயர் 3-இலேயே ஓடுகின்றன. லினக்ஸும் பெரும்பாலும் ஓசாவை லேயர் 2 என்றும் ஹைப்பர்சாக்கெட்ஸை லேயர் 3 என்றும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஓசாவுக்கு எழுதிய பழைய பார்ம் வரியை நகலெடுத்து எண்ணை மட்டும் மாற்றினால், லேயர்2 சமம் 1 என்பதும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரே ஹைப்பர்சாக்கெட்ஸ் லானில் லேயர் 2-ம் லேயர் 3-ம் ஒன்றோடொன்று பேசாது. பிழைச் செய்தியும் வராது, அதுதான் கொடுமை. எல்எஸ்கியூஎத்தை இரண்டு பக்கமும் ஓட்டி லேயர்2 வரியை ஒப்பிடுங்கள். மாற்ற வேண்டுமென்றால் சாதனத்தை முதலில் ஆஃப்லைன் ஆக்க வேண்டும். இன்ஸ்டால் நடுவில் அது தொல்லை. பார்ம் ஃபைலைத் திருத்தி மறுபடி லோட் செய்வதுதான் வேகம். டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாகப் பெறுவது) வேண்டும் என்பவர்கள் லேயர் 2-க்குத்தான் போக வேண்டும். நான் இன்ஸ்டாலில் டிஹெச்சிபியைத் தொடுவதே இல்லை.

ஓசா வழியாகப் போகிறவர்களுக்கு வேறு ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு எல்பார்களும் ஒரே ஓசா போர்ட்டைப் பகிர்ந்துகொண்டால், அவை ஒன்றுக்கொன்று அனுப்புவது வெளியே சுவிட்சுக்குப் போவதில்லை. கார்டுக்குள்ளேயே திரும்பிவிடும். சுவிட்ச்காரர் "என் பக்கம் ஒரு பாக்கெட்கூட வரலையே" என்று சொன்னால் அவர் மீது தப்பில்லை. இப்போது அறிகுறியைக் கவனியுங்கள்: இரண்டு எல்பாரும் கேட்வேயைப் பிங் செய்கின்றன, வெளியுலகம் தெரிகிறது, ஒன்றையொன்று மட்டும் பார்க்க முடியவில்லை. இப்படியானால் நான் முதலில் பார்ப்பது ஐசொலேஷன் அமைப்பு. அது டிராப் என்று இருந்தால், கார்டுக்குள் நடக்கும் அந்தக் குறுக்குவழியைக் கார்டே அடைத்துவிடும். பாதுகாப்புக்காக யாராவது வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். ஆகவே நீங்களாக நன் என்று மாற்றிவிடாமல் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

தலைகீழாக, பக்கத்து எல்பார் தெரிகிறது, கேட்வே தெரியவில்லை என்றால் வீலானை, அதாவது ஒரே கேபிளில் எண் குறியிட்டுப் பிரிக்கும் லான்களைச் சந்தேகப்படலாம். சுவிட்ச் போர்ட் டிரங்க்காக (குறியிட்ட பாக்கெட்டை எதிர்பார்ப்பதாக) இருக்கும், நீங்கள் குறியில்லாமல் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். பக்கத்து எல்பாரிலும் அதே தப்பு இருந்தால் இரண்டு பேரும் கார்டுக்குள் கொஞ்சிக்கொள்வீர்கள். அந்தப் பிங்கை நம்பி ஒரு மணி நேரம் போகும்.

இன்னொன்று, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்: பழைய பார்ம் ஃபைலை நகலெடுத்து ஐபியை மாற்ற மறப்பது. லேயர் 3-இல் கார்டு அந்த ஐபியை இரண்டாவது ஆளுக்குப் பதிவு செய்யாது. கர்னல் செய்திகளில் ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள்.

கடைசியாக, பிங் போகிறது ஆனால் இன்ஸ்டால் நிற்கிறது என்கிற வகை. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. இடி இடித்துக் கரண்ட் போய், மேசையடியில் இருந்த யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. டேட்டா சென்டரில் இருந்த தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, பிங் போகுது. ஃபைல் லிஸ்ட்கூட வருது. பேக்கேஜ் இறக்க ஆரம்பிச்சா அப்படியே நிக்குது."

"எந்த வழியா போகுது?"

"ஹைப்பர்சாக்கெட்ஸ்தான்ணே. சர்வர் இன்னொரு பெட்டியில, அங்கயும் ஹைப்பர்சாக்கெட்ஸ். நடுவுல ரௌட்டர் எல்பார் வழியா."

பாதி விடை அதிலேயே இருந்தது. ஹைப்பர்சாக்கெட்ஸின் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, ஐஓசிடிஎஸ்ஸில் இருக்கும் ஃபிரேம் அளவு முடிவு செய்கிறது: 16கே ஃபிரேமுக்கு 8கே எம்டியூ, 24-க்கு 16, 40-க்கு 32, 64-க்கு 56. ரௌட்டர் எல்பாரின் மறுபக்கம் ஓசா, 1500. சின்னப் பாக்கெட் எல்லாம் தாராளமாகப் போகும். பெரியது வந்தால் ரௌட்டர் "இது பெரிது, சின்னதாக்கு" என்று ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்ப வேண்டும். நடுவில் ஃபயர்வால் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்துவைத்திருந்தால் அந்தச் செய்தி அனுப்பியவருக்குப் போய்ச் சேராது. அவர் பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

சோதிப்பது எளிது. உடைக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு பிங் கொடுங்கள், அளவு 1472. தலைப்புகளுக்கு 28 பைட் சேர்த்தால் சரியாக 1500. அது போய், 8164 போகாவிட்டால் (8192-இலிருந்து அதே 28 கழித்தது) வழியில் எங்கோ கழுத்து குறுகுகிறது. தம்பிக்கு நான் சொன்ன தீர்வு: ஐபி வரியின் கடைசியில் எம்டியூ 1500 என்று சேர்த்து மறுபடி லோட் செய். இன்ஸ்டாலுக்கு அந்த வேகம் தாராளம். ஐசிஎம்பி விஷயத்தைத் திங்கள்கிழமை சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

ரௌட்டர் எல்பார் நடுவில் இருந்தால் இன்னும் இரண்டு பாருங்கள். ஐபி ஃபார்வர்டிங் அதில் திறந்திருக்கிறதா? சர்வருக்குத் திரும்பி வர வழி தெரியுமா? பின்னதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். சர்வரில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுவிட்டு இங்கிருந்து மூன்று பிங் அனுப்புங்கள். கோரிக்கை வந்து சேர்ந்து, பதில் வேறு கார்டு வழியாக வெளியேறினால் கண்ணெதிரே தெரியும். ஐபி ரூட் கெட் என்று கொடுத்து, எதிர்ப்பக்கத்தின் முகவரியையும் சேர்த்தால் பாக்கெட் எந்த இடைமுகம் வழியாகப் போகும் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். இப்போதெல்லாம் நான் பிங்குக்கு முன்னாலேயே இதை ஓட்டிவிடுகிறேன், இரண்டு பக்கமும். ஓசாவும் ஹைப்பர்சாக்கெட்ஸும் இரண்டுமே உள்ள எல்பாரில், ஒன்றைச் சோதிப்பதாக நினைத்து மற்றதைச் சோதிப்பது அவ்வளவு சுலபம்.

இன்ஸ்டால் முடிந்து ரீபூட் கேட்கும்போது உடனே ஆமாம் கொடுத்துவிடாதீர்கள். எல்எஸ்இசட்டெவ் ஓட்டி, கார்டு இப்போது மட்டும் ஆன்லைனா, நிரந்தரமாகவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையால் எழுப்பிய சாதனம் என்றால் நிரந்தரத்தில் இல்லாமல் போகலாம். சிஎச்இசட்டெவ் கட்டளையில் சேர்த்துவிடுங்கள். அவசரத்துக்கு வைத்த எம்டியூ 1500 நிரந்தரமாக ஒட்டிக்கொண்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சிப்பிட், லேயர், மூன்று எண்கள், போர்ட் நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். என்னுடையது அம்மாவின் பழைய மளிகைக் கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன்.